'வடக்குன்னா மேலதானே அத்தை?' - மேப் கேள்வி என்றாலே பயப்படும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒரு புவியியல் பாடம்!

போன கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம். மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் போனில் சிக்னல் போய்விட்டது. அதுவரை இனிமையாக வழி சொல்லிக்கொண்டு வந்த மேப் அப்படியே உறைந்து நின்றது. டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டோம். "இப்படியே வடக்கால போயி, வாய்க்காலைத் தாண்டுனதும் கெழக்கால திரும்பு தாயி" என்றார்.

காரில் இருந்த நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவருக்கும் வடக்கு தெரியவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள்தான் தைரியமாகச் சொன்னாள். "வடக்குன்னா மேலதானே அத்தை?" சொல்லிவிட்டு, நிஜமாகவே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள்.

நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால், யோசித்துப் பார்த்தால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் மேப் பார்த்த பிள்ளைக்கு, மேப்பில் இருக்கும் வடக்கையும் தான் நிற்கும் மண்ணில் இருக்கும் வடக்கையும் இணைக்கத் தெரியவில்லை. காலாண்டுத் தேர்வில் அவள் காவிரியை மதுரைக்குக் கீழே ஓடவிட்டதற்கும், விசாகப்பட்டினத்தைக் கடலுக்குள் குறித்ததற்கும் அதுதான் காரணம். புள்ளி புள்ளியாக மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு புள்ளி மறந்தால் எல்லாமே இடம் மாறிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய டியூஷன் தேவையில்லை. மொட்டை மாடி, கட்டம் போட்ட கணக்கு நோட்டு, ஓர் உருளைக்கிழங்கு, கையில் இருக்கும் செல்போன். இவ்வளவு போதும்.

முதல் பாடம்: திசை

டீக்கடைப் பெரியவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தையே முதலில் சொல்கிறேன். "பொழுது சாயுற பக்கத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. மூஞ்சிக்கு நேரா கெழக்கு. இடது கைப் பக்கம் வடக்கு. வலது கைப் பக்கம் தெக்கு." அவ்வளவுதான்.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும். சூரியன் சரியாகக் கிழக்கில் உதிப்பது வருடத்தில் இரண்டே நாள்கள்தான். மார்ச் 21-ஐ ஒட்டி ஒருமுறை, செப்டம்பர் 23-ஐ ஒட்டி ஒருமுறை. மற்ற நாள்களில் கொஞ்சம் வடக்கிலோ தெற்கிலோ தள்ளித்தான் உதிக்கும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். ஒரு குச்சியை மண் தொட்டியில் நேராக நட்டு, நிழலின் நுனி விழும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். அரை மணி நேரம் கழித்து, நுனி நகர்ந்திருக்கும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் கோடு போட்டு இணைத்தால் முதல் புள்ளி மேற்கு, இரண்டாவது கிழக்கு. சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது, நிழல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது. மனப்பாடமே இல்லாமல் புரிந்துவிடும்.

இதில் நம் ஊருக்கென்று ஓர் ஆச்சர்யம் உண்டு. 'நண்பகலில் நிழல் வடக்குப் பக்கம்தான் விழும்' என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். நிழல் தெற்கே விழும்! அந்தக் காலம் தொடங்கும்போது ஒரு நாளும், முடியும்போது ஒரு நாளும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அன்று நண்பகலில் நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. பூமத்திய ரேகைக்கும் கடகரேகைக்கும் நடுவில் இருக்கும் எல்லா ஊர்களுக்கும் இப்படி வருடத்துக்கு இரண்டு நாள் உண்டு. டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் கடகரேகைக்கு வடக்கே இருக்கிறார்கள்.

'மேலே' என்றால் மேடு இல்லை

அண்ணன் மகள் கேட்ட இன்னொரு கேள்வியை என்னால் மறக்கவே முடியாது. "காவிரி ஏன் அத்தை கீழ போகாம சைடுல போகுது?"

சுவரில் தொங்கும் மேப்பையே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, மேப்பின் மேல் பக்கம் உயரமாகவும் கீழ்ப் பக்கம் பள்ளமாகவும் தெரிகிறது. தண்ணீர் மேலிருந்து கீழே, அதாவது டெல்லியிலிருந்து கன்னியாகுமரி நோக்கித்தானே ஓட வேண்டும்? அவள் கேட்டது நியாயமான கேள்வி. மேப்பில் வடக்கை மேலே போடுவது நாம் வைத்துக்கொண்ட ஒரு வழக்கம். அதற்கும் உயரத்துக்கும் சம்பந்தம் இல்லை. எகிப்தின் நைல் நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. மேப்பில் பார்த்தால் 'மேல் நோக்கி' ஓடுவது போலத்தான் தெரியும்.

நம் ஊர் நிலத்தின் சாய்வு எந்தப் பக்கம் என்பதை நம் மொழியே சொல்லி வைத்திருக்கிறது. மேற்கு என்ற சொல்லில் 'மேல்' இருக்கிறது. கிழக்கு என்ற சொல்லில் 'கீழ்' இருக்கிறது. மேற்கே மலை, கிழக்கே கடல். மேற்குத் தொடர்ச்சி மலையில் 2,637 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது தொட்டபெட்டா. வங்காள விரிகுடாவின் கரையில் உயரம் பூஜ்யம். தண்ணீர் வேறு எந்தப் பக்கம் ஓடும்?

இந்த ஒரு விஷயம் புரிந்தால் தமிழ்நாட்டு ஆறுகளில் பாதி வேலை முடிந்தது. பெரிய ஆறுகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே போகும் கோடுகள். கடலில் கலக்கும் இடங்களைத் தெற்கிலிருந்து வடக்காக வரிசைப்படுத்தினால் தாமிரபரணி, வைகை, காவிரி, தென்பெண்ணை, பாலாறு. ஆறுகளை முதலில் வரையச் சொல்லுங்கள். பிறகு ஊர்கள் தானாக வந்து உட்காரும். தாமிரபரணிக் கரையில் திருநெல்வேலி, வைகைக் கரையில் மதுரை, காவிரிக் கரையில் ஈரோடு, திருச்சி, கும்பகோணம்.

காற்றுக்கு மட்டும் ஒரு விஷயம் சொல்லிக்கொடுங்கள். காற்று எங்கிருந்து வருகிறதோ, அந்தத் திசைதான் அதற்குப் பெயர். தென்மேற்குப் பருவக்காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது, தென்மேற்குக்குப் போவதில்லை. அது கொண்டுவரும் மழையில் பெரும்பகுதியை மலையின் மேற்குப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. நாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறோம். மேப்பில் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டு மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் நிறைய.

இரண்டு கோடு போட்டால் இந்தியா வந்துவிடும்

அட்சக்கோடு, தீர்க்கக்கோடு. பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். சினிமா தியேட்டர் சீட் நம்பர் என்று சொல்லிப் பாருங்கள். எந்த வரிசை என்பதைச் சொல்வது அட்சக்கோடு. அந்த வரிசையில் எத்தனையாவது சீட் என்பதைச் சொல்வது தீர்க்கக்கோடு. இரண்டும் இருந்தால் உலகத்தில் எந்த இடத்தையும் பிடித்துவிடலாம்.

அட்சக்கோடு பூமத்திய ரேகையில் 0 டிகிரியில் தொடங்கி, துருவத்தில் 90 டிகிரி வரை போகும். ஒரு டிகிரி நகர்ந்தால் தரையில் சுமார் 111 கிலோமீட்டர். கன்னியாகுமரி சுமார் 8 டிகிரி, சென்னை சுமார் 13 டிகிரி. வித்தியாசம் 5 டிகிரி. அப்படியென்றால் வடக்கு தெற்காக மட்டும் சுமார் 555 கிலோமீட்டர். ஸ்கேல் கூட வைக்காமல் தூரம் கிடைத்துவிட்டது!

தீர்க்கக்கோடு நேரத்தைச் சொல்லும். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். இந்தியாவின் நேரத்தைத் தீர்மானிக்கும் கோடு உத்தரப்பிரதேசத்தின் மிர்சாப்பூர் வழியாகப் போகும் 82.5 டிகிரி கிழக்கு. 82.5-ஐ 4-ஆல் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம். லண்டனைவிட நம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று மனப்பாடம் செய்தோமே, அது வந்த வழி இதுதான்.

இப்போது தேர்வுக்கான விஷயம். இந்திய மேப்பில் ஊர்களைத் தனித்தனிப் புள்ளியாகப் பார்க்காமல், கோடாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

* கன்னியாகுமரி, பெங்களூரு, போபால், டெல்லி. இந்த நான்கும் ஏறத்தாழ 77 முதல் 77.6 டிகிரி கிழக்குக்குள், கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன.

* மங்களூரு, பெங்களூரு, சென்னை. மூன்றும் கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கு. மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு ஒரு படுக்கைக் கோடு.

* காந்திநகர், போபால், ராஞ்சி. மூன்றும் 23.5 டிகிரியில் இருக்கும் கடகரேகையை ஒட்டியே இருக்கின்றன.

* கொச்சி, மதுரை. இரண்டும் 10 டிகிரி வடக்குக்குப் பக்கத்தில்.

முதல் கோடும் கடகரேகையும் போபால் பக்கத்தில் வெட்டிக்கொள்ளும். முதல் கோடும் 13 டிகிரிக் கோடும் பெங்களூரு பக்கத்தில் வெட்டிக்கொள்ளும். இந்த எலும்புக்கூடு மனதில் இருந்தால், மற்ற ஊர்களை 'போபாலுக்குக் கிழக்கே', 'சென்னைக்கு வடக்கே' என்று கணக்குப் போட்டு வைக்கலாம். ஊர் கடலுக்குள் போகாது. பாடநூல் மேப்பில் இந்தக் கோடுகள் லேசாக வளைந்திருக்கும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் வேறு வழியில்லை.

விரிப்பதால் வரும் ஏமாற்றத்தையும் காட்டுங்கள். வகுப்பறைகளில் தொங்கும் பல உலக மேப்களில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைவிட சுமார் 14 மடங்கு பெரியது. ஏன், நம் இந்தியாவே கிரீன்லாந்தைவிடப் பெரியது. 1569-ல் மெர்கேட்டர் என்பவர் கப்பலோட்டிகளுக்காகப் போட்ட மேப் முறை அது. திசையைச் சரியாகக் காட்டுவதற்காக, துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாடுகளை ஊதிப் பெரிதாக்கிவிடும்.

ஸ்கேல்: வீட்டைத் தாளுக்குள் அடக்குவோம்

கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். வீட்டுத் தரையில் டைல்ஸ் இருந்தால் ரொம்ப வசதி. ஒரு டைல்ஸுக்கு நோட்டில் ஒரு கட்டம். ஹாலில் நீளவாக்கில் எத்தனை, அகலவாக்கில் எத்தனை என்று எண்ணி வரையச் சொல்லுங்கள். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. கடைசியில் தலைப்பு, திசை, ஸ்கேல், குறியீட்டு விளக்கம் நான்கையும் எழுதினால் அது மேப். இவை இல்லாவிட்டால் அது வெறும் படம்தான்.

இதே கணக்குதான் பெரிய மேப்பிலும். 1:50,000 என்று போட்டிருந்தால், தாளில் 1 செ.மீ என்பது தரையில் 50,000 செ.மீ, அதாவது அரை கிலோமீட்டர். ஊருக்கும் ஏரிக்கும் நடுவில் மேப்பில் 4 செ.மீ என்றால் தரையில் 2 கிலோமீட்டர். சாலை வளைந்து போனால் என்ன செய்வது? ஒரு நூலை அந்த வளைவின் மேலேயே வைத்து, பிறகு நீட்டி அளக்க வேண்டியதுதான்.

பிள்ளைகள் வழக்கமாகக் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு தெருவைக் காட்டுவது பேரளவு மேப், உலகத்தைக் காட்டுவது சிற்றளவு மேப். 'உலகம்தானே பெரிசு?' என்று கேட்பார்கள். பீட்சாவை உதாரணம் சொல்லுங்கள். 8-ல் ஒரு துண்டு பெரிதா, 100-ல் ஒரு துண்டு பெரிதா? 50,000-ல் ஒரு பங்கு என்பது 2 கோடியில் ஒரு பங்கைவிடப் பெரியதுதானே!

பச்சை எல்லாம் காடு இல்லை

அட்லஸில் தஞ்சாவூர் பக்கம் முழுக்கப் பச்சையாக இருக்கும். "அங்க அவ்ளோ காடா?" என்று கேட்டாள் அண்ணன் மகள். அட்லஸின் இயற்கை அமைப்பு மேப்பில் பச்சை என்றால் தாழ்வான சமவெளி. உயரம் கூடக் கூட மஞ்சள், பழுப்பு என்று மாறும். ஆனால் இந்திய நில அளவைத் துறை வெளியிடும் தலப்படத்தில் பச்சை என்றால் காடும் தாவரமும்தான். அங்கே மஞ்சள் விவசாய நிலம், நீலம் நீர்நிலை, சிவப்பு சாலையும் குடியிருப்பும், பழுப்பு சம உயரக்கோடு. ஒரே நிறம், இரண்டு அர்த்தம். அதனால்தான் எந்த மேப்பை எடுத்தாலும் முதலில் மூலையில் இருக்கும் குறியீட்டு விளக்கத்தைப் படிக்க வேண்டும்.

சம உயரக்கோட்டுக்குத்தான் அந்த உருளைக்கிழங்கு. பாதியாக வெட்டி, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். இதுதான் மலை. ஒரே தடிமனில் படுக்கைவாட்டில் துண்டு போடுங்கள். பெரிய துண்டைத் தாளில் வைத்து, சுற்றி வரையுங்கள். அடுத்த துண்டை அதன் மேல் இருந்த அதே இடத்தில் வைத்து, உள்ளே இன்னொரு வட்டம். இப்படியே உச்சி வரை. கிழங்கு செங்குத்தாக இருந்த பக்கம் கோடுகள் நெருங்கி நிற்கும். சரிவாக இருந்த பக்கம் விலகி நிற்கும். அவ்வளவுதான் பாடம். மிச்சம் இருப்பதைப் பொரியல் செய்துவிடலாம்!

இப்படி நாட்டையே அளந்த கதை தொடங்கியது நம் சென்னையில்தான். 1802 ஏப்ரல் 10-ல் பரங்கிமலை பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் அளந்துகொண்டே போனார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிய சம்பவமும் நடந்தது. அதே கணக்கு இமயம் வரை போய், உலகின் உயர்ந்த சிகரம் எது என்று சொன்னது. பரங்கிமலை பக்கம் போகும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

போனில் இருக்கும் மேப்பும் பாடம்தான்

வழிகாட்டும் மேப்பில் ஒரு சிக்கல், நாம் திரும்பும்போது அதுவும் திரும்பிவிடும். திசைகாட்டி ஐகானைத் தட்டினால் வடக்கு மேலே வந்து நிற்கும். அதற்குப் பிறகு பிள்ளையிடம் கொடுத்து, "நாம இப்ப எந்தத் திசையில போறோம்?" என்று கேளுங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் அவசர காலத்துக்கானது. சாலையில் விபத்து. 108-க்குப் பேசுகிறீர்கள். "எங்க இருக்கீங்க?" என்ற கேள்விக்கு, "பைபாஸ்ல, ஒரு பெட்ரோல் பங்க் தாண்டி" என்பது போதாது. மைல் கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று அதிலேயே இருக்கும். 'எந்தச் சாலை, எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் முன்னால், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம்.' இந்த மூன்றையும் சொல்லப் பழக்குங்கள்.

போனில் இணையம் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து வருவது. மேப்பில் உங்கள் இடத்தை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும் இரண்டு எண்களை எஸ்.எம்.எஸ்ஸில்கூட அனுப்பிவிடலாம். தசமப் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் வரை அனுப்புங்கள். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் வரை இடம் தள்ளிப்போகலாம். நான்கு இலக்கம் என்றால் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். முதலில் அட்சம், பிறகு தீர்க்கம். இந்தியாவுக்குள் குழப்பமே வராது. சின்ன எண்தான் எப்போதும் அட்சம். நம் நாட்டின் பெருநிலப்பரப்பில் அட்சம் 8 முதல் 37 வரை, தீர்க்கம் 68 முதல் 97 வரை. சென்னையின் 13, 80-ஐ மாற்றிப் போட்டால் நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் பகுதிக்கு ஆம்புலன்ஸ் போக வேண்டியிருக்கும்!

தெருப் பெயரும் மேப்தான்

கடைசியாக, உங்கள் தெருவைப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். மேலத்தெரு எங்கே, கீழத்தெரு எங்கே? மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கிறது, ஏரி இல்லை. ஏரிகள் போய்விட்டன, பெயர்கள் மட்டும் சாட்சி சொல்கின்றன. நாளைக்கு வீட்டு மனை வாங்கப்போகும் பிள்ளைக்கு, 'இது மேடா, பள்ளமா, முன்னால் என்னவாக இருந்தது?' என்று கேட்கத் தெரிந்தால் அதைவிடப் பெரிய மதிப்பெண் என்ன இருக்கிறது?

அண்ணன் மகள் போன வாரம் போன் செய்தாள். "அத்தை, நம்ம வீட்டு வாசல் கிழக்குன்னு தாத்தா சொல்லிக்கிட்டே இருக்காங்க. நான் குச்சி நட்டுப் பார்த்தேன். அது தென்கிழக்கு." பின்னால் தாத்தாவின் குரல் கேட்டது. "நாப்பது வருஷமா இந்த வீட்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா?" சண்டை இன்னும் முடியவில்லை.

உங்கள் வீட்டு வாசல் எந்தத் திசை? இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஒரு குச்சியை நட்டுப் பார்த்துவிடுங்களேன்!